பச்சை விழுந்த பக்கம்

ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அந்த வீட்டுப் பெரியவர் யாரையும் "ரைட்" சொல்லாமல் வழியனுப்பியதில்லை. பால்காரர் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ரைட். காஸ் சிலிண்டரை இறக்கிவைத்தவர் படியிறங்கினால் ரைட். ஊசி போட்டு முடித்த டாக்டருக்கே ஒரு ரைட் கொடுத்தார் என்று கதை உண்டு. அதை அவர் மறுத்ததும் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்தவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ரைட்டுதான். மருமகளுக்கு மட்டும் மாமா.

மாமியார் போன பிறகு அடுப்படியை அவரே எடுத்துக்கொண்டார். மகனுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. எந்தக் கட்டிடத்தில் எவர் மாட்டிக்கொண்டாலும் பாதிச் சாப்பாட்டில் ஓட வேண்டும். மருமகளுக்குக் காலையில் ஏழரைக்கு அலுவலக வண்டி. ஆகவே விடியும்போதே வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்கும். சோறு ஒரு டப்பா, உருளைக்கிழங்கு வறுவல் ஒரு டப்பா, ஸ்பூனைத் துண்டில் சுற்றி மேலே வைத்து, பையை வாசற்படியில் நின்று நீட்டுவார். "ரைட், போலாம்" என்பார். அவள் சிரித்துக்கொண்டே இறங்குவாள். புகுந்த வீட்டில் இப்படி ஒரு யோகம் யாருக்குக் கிடைக்கும் என்று அவள் அம்மாவே பொறாமைப்பட்டதுண்டு.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது, கீழ்வீட்டுக்காரி இரண்டு பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பேச்சு நின்றது. மாடியேறி வந்தால், கொடியில் காயாத துணிகளுக்கு நடுவே கணவன் கிரீஸ் கையோடு நின்றிருந்தான். மாமா அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"நீயே கேளு, உங்க மாமா என்ன பண்ணிட்டு வந்திருக்காருன்னு," என்றான் கணவன்.

"என்னாச்சு மாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகனே சொன்னான். மாமாவின் பெயரில், அவருடைய அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, எவனோ ஒரு சிம் வாங்கியிருக்கிறான். அந்தச் சிம்மிலிருந்து வேறு ஊரில் படிக்கிற ஒரு பெண்ணுக்கு ஓயாமல் போன். பேசியதெல்லாம் காதில் கேட்கக் கூசுகிற பேச்சு. அந்தப் பெண் புகார் கொடுத்துவிட்டது. மதியம் போலீஸ் ஜீப் தெருவுக்குள் வந்து, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் பார்க்க ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

"நான் இல்லைன்னு அவங்களுக்கே தெரியுது," என்றார் மாமா. "ஆனா நம்பர் எப்படிப் போச்சுன்னு கேக்கிறாங்க. கார்டை வாடகைக்கு விடற ஆளுங்க இருக்காங்களாம். நீ எவ்வளவுக்கு விட்டேன்னு கேட்டான், என் பையன் வயசுகூட இருக்காது அவனுக்கு. உண்மை தெரியற வரைக்கும் திங்கக்கிழமை திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"போடுங்க," என்றான் மகன். "போன்ல எவனோ கேட்டான்னு நம்பரைச் சொன்னீங்கல்ல, போடுங்க. வந்த ஓடிபியையும் படிச்சுக் காட்டியிருக்கார்டி. பேத்தி வயசுப் பொண்ணு. கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மருமகளுக்கும் கோபம் வந்தது. அவள் வேலையே இதுதான். ஊராருடைய எண்களையெல்லாம் காப்பாற்றுகிறவள் வீட்டிலேயே இப்படியா என்றிருந்தது.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன் மாமா? நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க, யாராயிருந்தாலும் சொல்லாதீங்கன்னு. எங்க ஆபீஸ்ல இதுக்காகவே அத்தனை பேர் உக்காந்து கண்ணு போக வேலை பாக்கறோம். நீங்க வாயாலயே சொல்லிட்டா நாங்க என்ன மறைச்சு என்ன?"

"நான் சொல்லலம்மா." மாமா முதல் முறையாக நிமிர்ந்தார். "அதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க. அவனே என் பேரைச் சொன்னான். பஸ் சலுகை அட்டையைப் புதுப்பிக்கணும்னான். நம்பரையும் அவனே படிச்சான், கடகடன்னு. கடைசிக்கு முன்னால ஒரு எடத்துல ஏழுன்னான். தம்பி, அது ஏழு இல்ல, ஒண்ணுன்னு சொன்னேன். அவ்வளவுதான். ஒருத்தன் சில்லறையைத் தப்பா எண்ணினா நம்மால சும்மா இருக்க முடியுதா, அந்த மாதிரி வாயில வந்துடுச்சு. இவ்வளவு தெரிஞ்சவன் ஆபீஸ்காரனாத்தான் இருப்பான்னு நம்பிட்டேன்."

"பெரிய திருத்தம்," என்றான் மகன். கை கழுவப் போய்விட்டான்.

மருமகள் நின்ற இடத்திலேயே நின்றாள். மாமா ஒன்று போடுகிற விதம் அவளுக்குத் தெரியும். மேலே நீளமாக ஒரு கொக்கி வைத்து இழுப்பார். சிலிண்டர் மாற்றிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவைப்பார். பதினொன்று என்பது எழுபத்தேழு மாதிரிதான் இருக்கும். அந்த எண்ணை ஏழு என்று படிக்க வேண்டுமென்றால் அட்டையைப் பார்த்துப் படித்திருக்க முடியாது. அவர் கையால் எழுதியதைப் பார்த்துத்தான் படித்திருக்க வேண்டும். அவர் கையால் அந்த எண்ணை எழுதியது ஒரே ஒரு இடத்தில்.

ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. மக்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம், எல்லா மனுக்களையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போடுவோம் என்று அறிவித்திருந்தார்கள். மாமா விடுவாரா. நோயாளிகள் எப்படிப் பாலம் ஏறி நடப்பார்கள் என்று இரண்டு பக்கம் எழுதினார். கீழே போன் எண், அட்டை எண் கேட்டிருந்தது. "இதையெல்லாம் எழுதலாமாம்மா?" என்று அவளிடம்தான் கேட்டார். "தாராளமா எழுதுங்க மாமா, நம்பரையெல்லாம் நாங்க மறைச்சுட்டுத்தான் போடுவோம், அந்தக் கட்டு எங்க ஆபீஸுக்குத்தான் வருது" என்று சொன்னதும் அவள்தான்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிரூட்டிய நீளமான ஹால். ஜன்னல் கிடையாது. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். வருகிற காகிதங்களில் அட்டை எண் மாதிரி எது இருந்தாலும் மெஷின் முதலில் கண்டுபிடிக்கும். அட்டை எண்ணின் கடைசி இலக்கம் சும்மா வைத்ததல்ல. மற்ற இலக்கங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் அது வரும். கணக்கு சரியாக வந்தால் மெஷின் சிவப்புக் கட்டம் போடும். இவர்கள் அதன்மேலும் பக்கத்தில் போன் எண் இருந்தால் அதன்மேலும் கறுப்புப் பட்டை இழுப்பார்கள். கணக்கு வரவில்லையென்றால் பச்சைக் கட்டம். அது ரசீது எண்ணாக இருக்கலாம், கரண்ட் இணைப்பு எண்ணாக இருக்கலாம். ஆனால் கையெழுத்தில் எழுதியதாக இருந்தால், மெஷின் ஒரு இலக்கத்தைத் தப்பாகப் படித்துவிட்டாலும் கணக்கு உதைத்துப் பச்சை விழுந்துவிடும். அதனால் பச்சையையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே என்டர் தட்ட வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

யாரும் திறப்பதில்லை. சுவரில் ஒரு பெரிய திரை, அதில் யார் எத்தனை முடித்தார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். திறந்து பார்க்கிறவள் பெயர் அடியில் போய்விடும். சாப்பாட்டு நேரத்திலும் பெயர் கீழே இறங்கும். அதற்கு ஹாலில் எல்லாரும் கண்டுபிடித்து வைத்திருந்த வழி ஒன்று இருந்தது. சாப்பிடப் போகும்போது பச்சை வரிசையைத் திறந்துவைத்து, என்டர் கட்டையின் மேல் ஏதாவது கனமாக வைத்துவிடுவது. ஒருத்தி சீப்பு வைப்பாள். ஒருத்தி வீட்டுச் சாவி. பச்சைகள் தானாக ஓடிக்கொண்டிருக்கும். இவள் ஸ்பூனை வைப்பாள், கையால் பிசைந்து சாப்பிடுவாள். மாமா துண்டில் சுற்றிக் கொடுத்த ஸ்பூன்தான்.

மறுநாள் அலுவலகம் போனதும் மனுக்கள் போட்டிருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. "நோயாளிகளின் கால்களை நினைத்துப் பாருங்கள்" என்று மாமாவின் கையெழுத்து. அடியில் போன் எண், அட்டை எண், மேலே ஒரு பட்டையும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் இருந்த பக்கங்களிலும் கையால் எழுதிய எண்கள் அப்படியே கிடந்தன. அந்தக் கட்டு அவள் கணக்கில்தான் முடிந்திருந்தது. அவள் வறுவல் தின்றுகொண்டிருந்த நேரத்தின் நீளத்துக்குக் கிடந்தன. ஒன்று, ஆஸ்பத்திரி எதிரே துணி தைக்கிற ஒரு பெண்ணுடையது. நிறுத்தம் போனால் என் வாடிக்கையும் போய்விடும், நான் தனியாள் என்று எழுதியிருந்தாள். மருமகள் அவளுடைய போன் எண்ணைத் தன் போனில் 'தையல் அக்கா' என்று பதிந்துகொண்டாள். கூப்பிட்டு எச்சரிக்கலாம் என்றுதான் பதிந்தாள். ஆனால் யார் நீ, உனக்கெப்படி என் நம்பர் தெரியும் என்று கேட்டால்?

கூப்பிடவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாய்வரை வரும், அதற்குள் கணவன் "இந்த வீட்டுக்கு உன் சம்பளம்தான் நிக்கிற தூணு, அங்கயாவது நல்ல பேரோட இரு" என்பான். அவன் கம்பெனியில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மென்று விழுங்கிவிடுவாள்.

மாமா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். கீழ்வீட்டுக் கல்லூரிப் பெண் படியேறி வந்தால் உள்ளே போய்விடுவார். அந்தப் பெண் முன்பெல்லாம் அவரிடம்தான் பஸ் நேரம் கேட்கும். இப்போது அவள் அம்மா துணி காயப்போட மொட்டை மாடிக்குக்கூடத் தனியாக அனுப்புவதில்லை. பால்காரருக்கு ரைட் கிடைப்பதில்லை. காலையில் சோறு மட்டும் தவறாமல் வந்தது. அவள் அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள், சாப்பிட்டாள். சாப்பிட முடிந்ததே, அதை நினைத்துத்தான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வெளியே போயிருந்த சமயம், மாமா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, நேரம் இருக்கா உனக்கு?"

"சொல்லுங்க மாமா."

"நீ இதுல பழகினவ. இனிமே எப்படி நடந்துக்கணும்னு எனக்கு ஒரு தடவை நிதானமா சொல்லிக் குடு. அவன்கிட்ட கேட்டா எரிஞ்சு விழறான். என் மண்டையில ஏறலையோ என்னவோ."

"அப்படியெல்லாம் இல்ல மாமா."

"போன்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா?"

"பேர் யாருக்கு வேணும்னாலும் தெரியலாம். நம்பாதீங்க."

"நம்பரையே சொன்னா?"

"அதையும் நம்பாதீங்க. எங்கயாவது பாத்திருப்பாங்க."

"எங்க பாத்திருப்பாங்க?"

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. பாடம் கேட்கிற முகம்.

"எங்கயாவது, மாமா," என்றாள்.

"சரி. தப்பா சொன்னா?"

"தப்பாவே இருக்கட்டும்னு விட்டுடுங்க. திருத்தாதீங்க."

"திருத்தக் கூடாது," என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அதுதான் எனக்குக் கஷ்டம். பாத்துக்கறேன். நீ இல்லைன்னா இதையெல்லாம் யாரு எனக்குச் சொல்லுவா?"

அவர் எழுந்து போன பிறகு அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதது அவருக்காகவா, தனக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மறுநாள் மாமா இரண்டாவது தடவையாகக் கையெழுத்துப் போடப் போனார். அந்த வாரமே ஒருநாள் அவள் துணிந்து டீம் லீடரிடம் போய் மாமாவுக்கு நடந்ததைச் சொன்னாள். லீடர் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். ஹாலில் எல்லாரும் அக்கா என்பார்கள்.

"பச்சையா, சிவப்பா?" அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பச்சைதான் அக்கா."

"அப்புறம் என்ன? மெஷின் இல்லைன்னு சொன்னதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"பக்கத்தைத் திறந்து பாத்திருக்கணும். நான் பாக்கலை. என்டர் மேல ஸ்பூனை வச்சுட்டு சாப்பிடப் போயிட்டேன்."

"மெதுவா பேசு." அக்கா சுற்றிலும் பார்த்தாள். "யாரு வைக்கலை? நான் வச்சதில்லையா? இங்க பாரு, அந்தப் பக்கத்துல ஏழுன்னுதானே தெரியுது? அப்போ அது அவர் நம்பரே இல்லை. தப்பான நம்பர் வெளிய போனா நம்ம கணக்குல ஒண்ணுமே போகலைன்னு அர்த்தம். இன்னைக்கே எல்லாத்து மேலயும் பட்டை இழுத்துப் போட்டுடறேன், இழுத்த தடமும் இருக்காது. நீ எழுத்துல எதுவும் குடுத்து வைக்காதே. குடுத்தா உன் வேலையோட நிக்காது, இந்த ஹாலையே மூடிட்டுப் போயிடுவாங்க. பாவம், கைக்குழந்தைக்காரிங்க எத்தனை பேர் இருக்காங்க."

சாயங்காலத்துக்குள் எல்லாப் பக்கங்களும் கறுப்புப் பட்டையோடு சுத்தமாக இருந்தன. வீடு திரும்பும்போது அவளுக்கு உடம்பு லேசான மாதிரி இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. மாமா குற்றவாளி இல்லை என்று காட்ட உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பக்கம். அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் லீவு சொன்னாள். "நானும் வர்றேன் மாமா" என்றபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தேய்த்த சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் விட்டு, தானே டிக்கெட் எடுத்தார். மழையில் நனைந்த குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் மீதியைச் சரியாகக் கொடுக்கிறானா என்று பின்னாலிருந்தவருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்டேஷனில் விசாரிக்கிற போலீஸ்காரர் மேஜைக்குப் பின்னால் ஈர ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இவங்க யாரு?"

"என் மருமக சார்," என்றார் மாமா. குரலில் பல நாளாக இல்லாத தெம்பு. "இந்த அட்டை நம்பரையெல்லாம் மறைச்சுப் பாதுகாக்கிற வேலைதான் இவளுக்கு. என்னைப் பத்தி இவகிட்டயே கேளுங்க. வாடகைக்கு விடற ஆளா நான்னு கேளுங்க."

மருமகள் நின்றபடியே சொன்னாள். மனு, பச்சைக் கட்டம், ஸ்பூன், ஏழு, அக்கா பட்டை இழுத்தது எல்லாவற்றையும் சொன்னாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டோம் என்ற பயத்தில் ஒரே மூச்சில் சொன்னாள்.

போலீஸ்காரர் மாமாவைப் பார்த்தார். மாமாவின் கண் கலங்கியிருந்தது.

"சார், இதை எழுதிடாதீங்க," என்றார் மாமா. "இவ பொய் சொல்றா."

"மாமா—"

"நீ சும்மா இரு. பாருங்க சார், பெத்த பையன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறான். வீட்டுக்கு வந்த பொண்ணு, பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு வேலையை விட்டாவது என்னை மீக்கலாம்னு வந்து நிக்கிறா. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? அவகிட்ட ஒரு தப்பும் இல்ல. நானே வாயால சொன்னேன், நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

பக்கத்து மேஜைக்காரர் வேலையை விட்டுவிட்டு அவளை மரியாதையாகப் பார்த்தார். அடி வாங்கத் தயாராக வந்தவளுக்குப் பாராட்டு கிடைத்தது. அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

"சரிம்மா," என்றார் போலீஸ்காரர் தன்மையாக. "உங்க நல்ல மனசு புரியுது. ஆனா பக்கமும் இல்லைங்கிறீங்க, ஆபீஸ்லயும் ஒத்துக்க மாட்டாங்கங்கிறீங்க. நான் எதை வச்சு எழுதறது?"

அவள் போனில் 'தையல் அக்கா' என்ற பெயரை எடுத்து, மேஜைமேல் வைத்தாள்.

"இவங்க நம்பரும் அதே மாதிரி வெளிய போச்சு சார். மாமா மனுவுக்கு அடுத்த பக்கம். யாராவது போன் பண்ணினாங்களான்னு இவங்ககிட்ட கேளுங்க."

போலீஸ்காரர் தன் மேஜை போனிலிருந்தே எண்ணை அழுத்தி, எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தார். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"ஹலோ, சார், நீங்கதானா?" என்றது ஒரு பெண் குரல், ஆவலாக. "நேத்தே எல்லாம் சொல்லிட்டேனே சார். நீங்க நம்பர்ல ஒண்ணு தப்பா படிச்சதைக்கூடத் திருத்திக் குடுத்தேனே. புது அட்டை எப்போ சார் வரும்?"

"ஹலோ, ஹலோ" என்று அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போலீஸ்காரர் சட்டென்று முன்னால் குனிந்து, நான் ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன், போனை வைக்காதீர்கள் என்று சொல்லத் தொடங்கினார்.

மாமா மருமகள் பக்கம் திரும்பினார்.

"நேத்துன்னு சொல்றாங்களே. உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே தெரியும், மாமா."

"ஞாயித்துக்கிழமை உன்கிட்ட கேட்டேனே, அப்போ?"

"அப்போவும் தெரியும்."

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். அவளைத் திட்டவில்லை. போலீஸ்காரர் போனை வைக்கிறவரை காத்திருந்து, நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதிக்குங்க சார்," என்றார். "இவ பொய் சொல்லலை."